தனியார் நினைவுப் பதக்கங்கள்: ரசனைக்கு வாங்குவதும் மறுவிற்பனைக்கு வாங்குவதும்

நகைக்கடையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கினால், எடைக்கான விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்ந்தே பில்லில் வரும். அதே கிண்ணத்தை மறுநாள் திருப்பிக் கொடுத்தால் எடைக்கான பணம் மட்டுமே, அதுவும் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான், கைக்கு வரும். இது நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அதே வெள்ளியில் ஒரு தலைவரின் முகமோ ஒரு விண்கலத்தின் உருவமோ பொறிக்கப்பட்டு, வெல்வெட் விரித்த பெட்டியில், எண்ணிட்ட சான்றிதழோடு வந்து சேரும்போது, பலரும் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். தனியார் அக்கசாலைகள், அதாவது நாணயமும் பதக்கமும் அடிக்கும் ஆலைகள், வெளியிடும் நினைவுப் பதக்கங்களைச் சேர்க்கத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாக நான் இவற்றைச் சேர்த்துவருகிறேன்; கையில் எடுத்துப் பார்க்கும்போது இவை தரும் மகிழ்ச்சி குறையவே இல்லை. அந்த மகிழ்ச்சி ஏமாற்றமாக மாறாமல் இருக்க வேண்டுமானால், எதை ரசனைக்காக வாங்குகிறோம், எதை விற்கும் எண்ணத்தோடு வாங்குகிறோம் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், அது நாணயமா பதக்கமா என்று பாருங்கள்

நாணயத்துக்கு ஓர் அரசின் பெயரும் முகமதிப்பும் இருக்கும். 100 ரூபாய் என்று பொறித்து இந்திய அரசு வெளியிடும் நினைவு நாணயம், அதில் உள்ள உலோகம் எதுவாயினும், சட்டப்படி நாணயமே. இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி நாணயம் அடிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் மட்டுமே உள்ளது. தனியார் நிறுவனம் அடிப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும், விளம்பரத்தில் ‘காயின்’ என்று எழுதியிருந்தாலும், அது பதக்கம்தான். மெடல், மெடாலியன் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதும் அதையே. முகமதிப்பு இல்லாத பொருளின் விலைக்கு எந்த அரசும் பொறுப்பேற்பதில்லை. ‘ப்ரூஃப்’ என்ற சொல்லைப் பார்த்தும் நாணயம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. மெருகேற்றிய வெற்று வில்லையை மெருகேற்றிய அச்சுகளுக்கிடையே வைத்து அடித்து, தரைப்பகுதி கண்ணாடி போலவும் உருவம் பனி படர்ந்தது போலவும் தோன்றச் செய்யும் முறைக்குத்தான் அந்தப் பெயர். அரசு, தனியார் என்ற இரு சாராரும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தனியார் அக்கசாலை என்றவுடன் தரம் குறைந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே மாத்யூ போல்ட்டன் 1788இல் நிறுவிய சோஹோ அக்கசாலை தனியாருடையதுதான். நீராவி ஆற்றலால் இயங்கும் அச்சு எந்திரங்களை வைத்து அது செய்த வேலையின் நேர்த்தியைக் கண்டு அரசுகளே அதனிடம் நாணயம் அடிக்கக் கொடுத்தன. சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803இல் வெளியிட்ட 10 காசு, 20 காசுச் செம்பு நாணயங்கள் அங்கே அடிக்கப்பட்டவைதான். திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்காகக் கம்பெனி கொடுத்த பதக்கத்தையும் சோஹோ அக்கசாலை அடித்தது. அச்சு வெட்டியவர் கான்ராட் ஹைன்ரிக் க்யூக்லர். ஒரு சிங்கம் புலியை அடக்கி நிற்கும் அந்தக் காட்சியைச் செதுக்கியதில் அவர் காட்டிய வன்மை, 200 ஆண்டுகளுக்குப் பிறகும் பார்ப்பவரை நிறுத்திவைக்கிறது. நமக்கு உவப்பான வரலாறு அன்று என்பது உண்மைதான். ஆயினும் ஒரு பதக்கம் எத்தகைய சான்றாக இருக்க முடியும் என்பதை அதை விடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் அறியேன்.

விளம்பரம் எப்படி வேலை செய்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

இன்று சந்தையில் மிக அதிகமாகக் கிடைக்கும் தனியார் பதக்கங்களில் பெரும் பங்கு 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அடிக்கப்பட்டவை. அவற்றின் கதையை அறியாமல் வாங்கத் தொடங்குவது, ஊரின் நிலவரம் தெரியாமல் மனை வாங்குவதற்கு ஒப்பாகும்.

1964இல் அமெரிக்கக் கருவூலத்தில் மீதமிருந்த பழைய வெள்ளி டாலர்களை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்தக் காட்சியைப் பத்திரிகைப் படத்தில் பார்த்த ஜோசப் சீகல் என்ற பென்சில்வேனியா வணிகர், வெள்ளியில் மாதந்தோறும் ஒரு நினைவுப் பதக்கம் அடித்து, எண்ணிக்கை வரையறுத்த உறுப்பினர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அவர் தொடங்கிய சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 5,250 என்று வரையறுக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே ஃபிராங்க்ளின் மின்ட். கென்னடி அரை டாலர் நாணயத்தின் முகப்பைச் செதுக்கியவரும் அமெரிக்க அரசு அக்கசாலையின் தலைமைச் சிற்பியுமான கில்ராய் ராபர்ட்ஸ், அதே 1964இல் அரசுப் பணியை விட்டு அந்நிறுவனத்தில் சேர்ந்தார். எனவே தொழில்நேர்த்தியில் அங்கே குறை சொல்ல இடமில்லை; அந்நிறுவனத்தின் ப்ரூஃப் பதக்கங்களின் பளபளப்புக்கு அக்காலத்தில் ஈடு சொல்வது கடினம்.

சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. ‘வரையறுக்கப்பட்ட வெளியீடு’ என்ற சொற்களைக் கேட்டதும் நூறோ இருநூறோ என்று நம் மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் பல வெளியீடுகளில் வரையறை எண்ணுக்கு அன்று, தேதிக்கு. குறிப்பிட்ட நாளுக்குள் யாரெல்லாம் பணம் கட்டினார்களோ அவர்கள் அனைவருக்கும் அடித்துக் கொடுத்துவிட்டு அச்சை அழித்துவிடுவார்கள். பணம் கட்டியவர்கள் பல்லாயிரம் பேர் என்றால் பதக்கமும் பல்லாயிரம்தான். வாக்குறுதி மீறப்படவில்லை, அச்சு உண்மையிலேயே அழிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பதக்கத்தை விரும்பிய ஒவ்வொருவருக்கும் அது முதல் நாளிலேயே கிடைத்துவிட்டதால், பின்னாளில் தேடி வருவதற்கு ஆள் இல்லாமல் போனது. மறுவிற்பனை விலை எழாததற்கு முதற்காரணம் இதுவே. உலோகத்தின் தரமோ வேலையின் தரமோ காரணமன்று.

விளம்பரங்களைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுப் பழகுங்கள். எத்தனை அடிக்கப்படும் என்ற எண் சொல்லப்பட்டிருக்கிறதா, அல்லது கடைசி நாள் மட்டுமா? ஒரே உருவம் தங்கமுலாம், வெள்ளி, வெண்கலம் என்று எத்தனை உலோகங்களில், எத்தனை அளவுகளில் வெளிவருகிறது? ஒவ்வொன்றும் தனித்தனியே ‘வரையறுக்கப்பட்டது’ என்று சொல்லப்பட்டாலும், அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

விலையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

எந்தப் பதக்கத்தின் விலையிலும் மூன்று பங்குகள் உண்டு: உலோகத்தின் விலை, சிற்பியின் கைவேலைக்கு உள்ள மதிப்பு, அந்தப் பதக்கத்தோடு ஒட்டிவரும் வரலாற்றின் மதிப்பு. நிறுவனத்திடமிருந்து புதிதாக வாங்கும்போது இவற்றோடு நான்காவதாக விளம்பரம், பெட்டி, அஞ்சல், லாபம் ஆகியவையும் சேரும். அதுதான் பதக்க உலகின் செய்கூலியும் சேதாரமும். வாங்கிய நாளிலேயே அது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகப் பங்கைக் கணக்கிடுவது எளிது. அமெரிக்க வெள்ளிப் பதக்கங்களில் பெரும்பாலானவை ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 26 கிராம் எடையுள்ள பதக்கத்தில் 24.05 கிராம் தூய வெள்ளி இருக்கும். அன்றைய தூய வெள்ளி விலையை இதனால் பெருக்கினால் உருக்கு விலை, அதாவது உருக்கி வெறும் உலோகமாக விற்றால் வரும் விலை, கிடைக்கும். கணக்கு எளிதாக இருக்கக் கிராம் 100 ரூபாய் என்று கொண்டால் 2,405 ரூபாய். கடைக்காரர் அதிலும் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே எடுப்பார். விற்பவர் சொல்லும் விலை இந்த எண்ணை விட எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ, அந்தக் கூடுதல் தொகையைச் சிற்பமும் வரலாறும் நியாயப்படுத்துகின்றனவா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் எடை ட்ராய் அவுன்ஸில் இருக்கும். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். சமையலறையில் பயன்படும் அவுன்ஸ் 28.35 கிராம்தான் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு பணம் போய்விடும்.

இங்கே நான் ஒரு நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். வெள்ளியில் முதலீடு செய்வதுதான் நோக்கம் என்றால் பதக்கம் வாங்காதீர்கள். வெள்ளிக் கட்டியோ பார்களோ உலோக விலைக்குச் சற்றே கூடுதலான விலையில் கிடைக்கும், விற்பதும் எளிது. பதக்கத்தை வாங்குவதற்கு நியாயமான காரணம், அதைப் பார்க்கவும் அதன் பின்னுள்ள செய்தியைத் தேடவும் உங்களுக்கு விருப்பம் இருப்பதே. உலோக விலை, அந்த விருப்பத்துக்கு அடியில் விரித்த பாயைப் போன்றது. விழுந்தால் அடி பலமாகப் படாமல் காக்கும், மேலே தூக்கிவிடாது.

முதற்கொள்முதல்: புதிது வேண்டாம், முழுத் தொகுப்பும் வேண்டாம்

புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரியது, மாதத்துக்கு ஒன்றாக வரும் சந்தாத் தொகுப்பில் சேர்ந்துவிடுவது. ஃபிராங்க்ளின் மின்ட் வெளியிட்ட அமெரிக்க வரலாற்றுத் தொகுப்பில் 200 பதக்கங்கள் உண்டு; மைக்கலாஞ்சலோவின் படைப்புகளைப் பற்றிய தொகுப்பில் 60. இவ்வளவு பெரிய வரிசையில் நான்கைந்து உங்களை ஈர்க்கும். மற்றவை வரிசையை நிரப்ப வந்தவையாகவே இருக்கும். பழைய சந்தையில் அந்த நான்கைந்தைத் தனித்தனியே, பல சமயம் உருக்கு விலைக்குச் சற்று மேலான தொகைக்கு, வாங்கிவிட முடியும். அவற்றை முதலில் வாங்கியவர் அன்றைய உலோக விலையைப் போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்திருப்பார். அவர் பொறுத்துக்கொண்ட செய்கூலியின் பயன் இரண்டாம் கையாக வாங்கும் நமக்குக் கிடைக்கிறது.

ஆகவே முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அதில் மூன்று பதக்கங்களுக்கு மேல் வாங்காமல் இருங்கள். தலைப்பு ஒரு சிற்பியாக இருக்கலாம், விண்வெளிப் பயணமாக இருக்கலாம், பறவைகளாகவும் இருக்கலாம். இணைய ஏலத் தளங்களில் விலை பார்க்கும்போது, விற்பவர் கேட்கும் விலையைப் பொருட்படுத்தாமல், ‘விற்று முடிந்தவை’ என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். ஒரே பதக்கம் மூன்றாண்டுகளாக 15,000 ரூபாய் என்று விலை எழுதி வைக்கப்பட்டிருப்பதும், அதே பதக்கம் வேறொருவரிடம் ஐந்தில் ஒரு பங்குக்கு விற்று முடிவதும் அன்றாட நிகழ்ச்சி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து விலையை மாற்றிவிடும் என்பதால், அவற்றையும் கூட்டிய பிறகே ஏலத்தில் கை தூக்குங்கள். சென்னை போன்ற நகரங்களில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளில் வியாபாரிகளின் மேசைகளில் ஓரமாக ஒரு தட்டில் ‘மெடல், டோக்கன்’ என்று கலந்து கிடப்பவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள்; நாணயம் தேடி வருபவர்கள் அந்தத் தட்டைக் கவனிப்பதே இல்லை.

கையில் எடுத்தவுடன் விளிம்பைப் பாருங்கள்

முகத்தையும் முதுகையும் எல்லோரும் பார்ப்பார்கள். உண்மை பெரும்பாலும் விளிம்பில்தான் எழுதியிருக்கும். உலோகத்தின் பெயர், அக்கசாலையின் குறி, ஆண்டு, சில சமயம் வரிசை எண் ஆகியவை அங்கேதான் பொறிக்கப்படும். பதக்கத்தை ஒளிக்கு எதிரே சுழற்றி, பூதக்கண்ணாடியால் முழு வட்டத்தையும் படியுங்கள். ஸ்டெர்லிங் அல்லது 925 என்ற குறி இல்லாத வெள்ளைநிறப் பதக்கத்தை, வேறு சான்று கிடைக்கும்வரை வெள்ளி அன்று என்றே கொள்ளுங்கள். நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று வழங்கும் உலோகத்தில் செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவை உண்டு. வெள்ளி துளியும் இல்லை. ஆங்கில விளம்பரங்களில் நிக்கல் சில்வர் என்று வருவதும் அதுவே. ‘24 காரட் தங்கம் பூசியது’ என்ற வரியைக் கண்டால், பூச்சுக்கு அடியில் என்ன உலோகம் என்று பாருங்கள். அடியில் வெள்ளி இருந்தால் அதற்கொரு மதிப்பு. வெண்கலமோ பித்தளையோ இருந்தால், மேலே உள்ள தங்கத்தின் அளவு மிகமிகச் சொற்பம்.

ஐயம் தீராவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு ஒன்று போதும். பதக்கத்தை முதலில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு குவளை காய்ச்சி வடித்த நீரை வைத்து, தராசைச் சுழியாக்கி, மெல்லிய நூலில் கட்டிய பதக்கத்தைக் குவளையின் அடியையும் சுவரையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு 10.49, ஸ்டெர்லிங் வெள்ளிக்கு ஏறக்குறைய 10.36, செம்புக்கு 8.96. நாம் முன்பு எடுத்துக்கொண்ட 26 கிராம் பதக்கம் ஸ்டெர்லிங் என்றால் தராசு ஏறக்குறைய 2.51 காட்ட வேண்டும். வெள்ளி பூசிய செம்பு என்றால் 2.9ஐ எட்டிவிடும். காந்தம் ஒட்டினால் அதுவே போதும், வெள்ளி இல்லை. ஆனால் ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது, ஏனெனில் செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை. உறையில் அடைத்த ப்ரூஃப் பதக்கத்தையும், எனாமல் வண்ணம் பூசியதையும் நீரில் இறக்காதீர்கள். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறேன் என்று பழக்கமான ஆசாரியிடம் கொடுப்பதும் கூடாது; நகைக்குப் பொருந்தும் அந்தச் சோதனை பதக்கத்தின் விளிம்பைக் கெடுத்துவிடும்.

விற்கக்கூடியவை எவை?

தனியார் பதக்கங்களில் மறுவிற்பனை மதிப்பு உயர்ந்தவை உண்டு. அவை ஏன் உயர்ந்தன என்பதைக் கவனித்தால் தேர்ந்தெடுக்கும் கண் வரும்.

முதல் எடுத்துக்காட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆட்டில்பரோ ஊரில் இருந்த ராபின்ஸ் நிறுவனம் அப்பல்லோ விண்வெளி வீரர்களுக்காக அடித்த சிறு வெள்ளிப் பதக்கங்கள். இவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டவை அல்ல. வீரர்களும் அவர்களுடைய வட்டத்தினரும் மட்டுமே வாங்க முடிந்தது. ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு. பல உண்மையிலேயே விண்கலத்தில் சென்று திரும்பியவை. நீல் ஆம்ஸ்ட்ராங் வைத்திருந்த, அப்பல்லோ 11இல் பறந்த தங்கப் பதக்கம் 2019இல் ஏலத்துக்கு வந்தபோது 20 லட்சம் டாலரைக் கடந்தது. அதில் உள்ள தங்கத்தின் விலை இந்தத் தொகைக்கு முன் ஒன்றுமே இல்லை. எங்கே சென்றது, யார் கையில் இருந்தது என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத்தில் இருந்ததற்குக் கிடைத்த விலை அது.

இதனோடு ஒப்பிட வேண்டியது 1971ஆம் ஆண்டின் அப்பல்லோ 14. ஃபிராங்க்ளின் மின்ட் அடித்த வெள்ளிப் பதக்கங்களை அந்தப் பயணத்தில் வீரர்கள் எடுத்துச் சென்றார்கள். திரும்பிய பிறகு அவற்றில் சிலவற்றை உருக்கி, வேறு ஏராளமான வெள்ளியோடு கலந்து, சின்னஞ்சிறு பதக்கங்களாக அடித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள். ‘நிலவுக்குச் சென்ற வெள்ளி கலந்தது’ என்ற சொல் பொய்யன்று. இருப்பினும் ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளி எத்தனை துகள் என்று யாராலும் காட்ட முடியாது, எண்ணிக்கையும் மிகுதி. எனவே இன்று அவை எளிய விலைக்கே கிடைக்கின்றன. நிலவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பொருள் வேண்டுமென்றால் இவற்றை மனமார வாங்கலாம். என் மேசையிலும் ஒன்று உண்டு. ராபின்ஸ் பதக்கத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு வாங்குவதுதான் தவறு.

இரண்டாவது வகையில் வரலாற்றை விடக் கலை முன்னிற்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த மெடாலிக் ஆர்ட் கம்பெனி அடித்து, சொசைட்டி ஆஃப் மெடலிஸ்ட்ஸ் என்ற சங்கம் 1930 முதல் 1995 வரை ஆண்டுக்கு இரண்டாக வெளியிட்ட வெண்கலப் பதக்கங்களைப் பாருங்கள். முதல் பதக்கத்தைச் செதுக்கியவர் லாரா கார்டின் ஃப்ரேசர்; அடுத்ததைச் செதுக்கியவர் பால் மான்ஷிப். சிற்பிக்குத் தலைப்பில் தடை இல்லை. தலைவர் முகம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிற்பி பெரிய அளவில் வடித்த உருவத்தைச் சுருக்கு எந்திரம் அணுவணுவாகத் தடவி, சிறிய அச்சில் வெட்டும். புடைப்பு மிக உயரமாக இருப்பதால் ஒரே அடியில் உருவம் எழும்பாது. அடித்து, சூடேற்றி மென்மையாக்கி, மீண்டும் அடித்து, இப்படிப் பலமுறை செய்து முடித்த பிறகு மேல்நிறத்தை வேதிப்பொருள்களால் ஏற்றுவார்கள். விரலால் தடவினால் மலைமேடு போல் உணர முடியும். வெண்கலத்தின் உருக்கு விலை அற்பம். ஆயினும் சிறந்த சிற்பிகளின் வெளியீடுகளுக்குத் தேடி வாங்குவோர் தொடர்ந்து இருக்கிறார்கள். புதியவர் ஒருவர் என்னிடம் வந்து, ரசனை, மறுவிற்பனை இரண்டும் ஓரளவு வேண்டும் என்று கேட்டால், நான் கை காட்டுவது இந்த வரிசையைத்தான். அந்தக் கம்பெனியின் ஆவணங்களும் பதக்கங்களும் 2018இல் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் கைக்கு வந்துவிட்டதால், ஆய்வுக்கும் வழி பிறந்திருக்கிறது.

மூன்றாவது வகை, அடிக்கப்பட்ட காலத்திலேயே ஒரு போராட்டத்தின் பகுதியாக இருந்தவை. கொலராடோ மாநிலத்தின் விக்டர் ஊரில் ஜோசப் லெஷர் என்பவர் 1900, 1901 ஆண்டுகளில் எண்கோண வடிவில் வெள்ளித் துண்டுகளை அடித்தார். வெள்ளிச் சுரங்கங்கள் நலிந்த காலத்தில், வெள்ளியை மீண்டும் நாணயமாக்க வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து அவர் செய்த செயல் அது. சேகரிப்பாளருக்கு விற்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவை பிறக்கவில்லை; குறைவாகவே அடிக்கப்பட்டன; உள்ளூர்க் கடைகளில் புழங்கின. இன்று ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. முன்பு சொன்ன ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமும் இதே வகைதான். அதை வாங்க நினைப்பவர்கள் விட்டத்தை அளந்து பார்ப்பது நல்லது. சோஹோவில் அடித்தவை ஏறக்குறைய 48 மில்லிமீட்டர், பின்னர் கல்கத்தாவில் அடித்தவை 45 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பெயர்பெற்ற பதக்கம் என்பதால் போலிகளும் உலவுகின்றன. நம்பகமான ஏல நிறுவனத்தின் வழியாக அல்லாமல் வாங்க வேண்டாம்.

சேகரிப்பதற்கென்றே பிறந்த பொருளை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். வேறொரு காரியத்துக்காகப் பிறந்த பொருள் தேய்ந்தும் தொலைந்தும் போகும். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், விலைப்பட்டியல் இல்லாமலேயே பாதி முடிவுகளை நீங்கள் சரியாக எடுப்பீர்கள்.

தேய்க்காதீர்கள்

நம் வீடுகளில் வெள்ளியை விபூதியாலும் வெண்கலத்தைப் புளியாலும் தேய்ப்பது வழக்கம். பூசைச் சாமான்களுக்கு அது நல்ல முறைதான். பதக்கத்துக்கு அதைப் போன்ற கேடு வேறில்லை. நான் சேர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில், பழுப்பேறிய வெண்கலப் பதக்கம் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். சிற்பி திட்டமிட்டு ஏற்றிய மேல்நிறம் முழுவதும் போய், பள்ளங்களில் நிழலும் மேடுகளில் ஒளியும் சேர்ந்து உருவத்துக்குத் தந்த ஆழமும் போய்விட்டது. அதை மீட்க வழியே இல்லை. வெள்ளி ப்ரூஃப் பதக்கத்தில் விபூதி பட்டால் கண்ணாடித் தரையில் மெல்லிய கீறல்கள் விழும். பற்பசைக்கும் அதே கதிதான். விரல் ரேகைகூடச் சில மாதங்களில் உலோகத்தில் பதிந்துவிடும் என்பதால், எப்போதும் விளிம்பில் மட்டுமே பிடியுங்கள்.

வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், சில வகைக் கம்பளித் துணிகள் ஆகியவற்றிலிருந்தும் கந்தகம் வெளிவரும். பெட்டிக்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் இன்னொரு பகை. காலப்போக்கில் அவற்றிலிருந்து கசியும் பொருள், பச்சை நிறப் பிசுக்காகப் பதக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிசுக்கு புதியதாக இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் வைத்து, தேய்க்காமல் எடுத்து உலர்த்தினால் போய்விடும். அதைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து விலகியே செய்ய வேண்டும்; நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அது உதவாது. சேகரிப்புக்குரிய மைலார் (பாலியெஸ்டர்) உறைகளோ, இறுக்கமாக மூடும் அக்ரிலிக் கேப்சூல்களோ வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் வசிப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, நிறம் மாறும்போது மாற்றுவது அவசியம். நிறுவனம் கொடுத்த மரப்பெட்டி அழகாக இருக்கும். ஆனால் சில மரங்களும் பசைகளும் அமில ஆவி விடுவதால், பெட்டியைத் தனியாகப் பாதுகாத்து, பதக்கத்தைக் கேப்சூலில் வைப்பதே நல்லது. பெட்டியையும் சான்றிதழையும் தூக்கி எறியாதீர்கள். விற்கும் நாளில் அவையும் சேர்ந்தே எடைபோடப்படும்.

விற்க நேர்ந்தால்

வெள்ளி விலை ஏறும்போது எல்லோருக்கும் விற்கும் எண்ணம் வரும். 1980 ஜனவரியில் ஒரு ட்ராய் அவுன்ஸ் வெள்ளி 50 டாலரை நெருங்கியது. இரண்டே மாதங்களில், மார்ச் 27 அன்று, ஏறக்குறைய 11 டாலருக்குச் சரிந்தது. அந்த ஏற்றத்தில் ஏராளமான தனியார் பதக்கங்கள் உலைக்குப் போயின. அதனால் மீதமிருந்தவை அரியவையாகி விலை ஏறியிருக்க வேண்டும் என்று தோன்றும். பெரும்பாலான தொகுப்புகளில் அப்படி நடக்கவில்லை. எத்தனை மீதம் இருக்கின்றன என்பதைப் போலவே, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதும் விலையைத் தீர்மானிக்கும்.

உங்களிடம் உள்ளவற்றை விற்கும் முன் இரண்டாகப் பிரியுங்கள். சிற்பமோ வரலாறோ பெரிதாக இல்லாத, எண்ணிக்கை மிகுந்த வெள்ளிப் பதக்கங்களை உருக்கு விலையை ஒட்டி விற்பதில் தவறில்லை. வெள்ளி வாங்கும் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, எடை போடுவதை நேரில் நின்று பாருங்கள். மற்றவற்றைச் சேகரிப்பாளர்களிடமோ ஏலத்திலோ தனித்தனியே விற்க வேண்டும். ஏல நிறுவனம் விற்பவரிடம் ஒரு பங்கும் வாங்குபவரிடம் ஒரு பங்கும் கட்டணம் எடுக்கும் என்பதால், அறிவிக்கப்படும் விலை உங்கள் கைக்கு வரும் தொகை அன்று. முழுமையான தொகுப்பைப் பிரிப்பதா வேண்டாமா என்ற கேள்வியில் நான் பெரும்பாலும் பிரிக்காமல் கொடுப்பதையே விரும்புகிறேன். 60 பதக்கத் தொகுப்பில் நல்ல நான்கை எடுத்துவிட்டால் மீதி 56ஐ எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஒவ்வொரு பதக்கத்தோடும் அமிலம் இல்லாத தாளில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: உலோகம், எடை, சிற்பியின் பெயர், எங்கே, எந்த ஆண்டு, என்ன விலைக்கு வாங்கியது, உலோகமாக விற்கலாமா சேகரிப்பாளரிடம் காட்ட வேண்டுமா என்பவை அதில் இருக்கட்டும். நமக்குப் பின் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அதை அப்படியே வெள்ளிக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். நண்பர் ஒருவர் அரிதின் முயன்று சேர்த்த வெண்கலப் பதக்கங்கள், ‘வெள்ளி இல்லை’ என்ற ஒரே காரணத்தால் பழைய பாத்திரங்களோடு எடைக்குப் போனதை நான் அறிவேன். சீட்டின் அடியில், அந்தப் பதக்கத்தை ஏன் வாங்கினீர்கள் என்று ஒரு வரியும் எழுதுங்கள்.